குறிகளின் கதை – 17: கேட்டால்தான் பேசும்

1951ஆம் ஆண்டு, கும்பகோணத்துக்குத் தெற்கே சாக்கோட்டையை அடுத்த சிவபுரத்தில் ஒரு வயலைத் தோண்டியபோது சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று பத்தாம் நூற்றாண்டு நடராசர். புதையல் என்ற கணக்கில் அரசின் கைக்குப் போன அவை, பிறகு ஊர்ச் சிவன் கோயிலுக்கே வழங்கப்பட்டன. 1954இல் பழுது பார்க்க வேண்டும் என்று ஸ்தபதி ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். திரும்பி வந்தது நகல். அசல் பம்பாய் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தது. ஊராருக்கு இது தெரியாது. நகலுக்கே விளக்கேற்றினார்கள், நகலுக்கே திருவாதிரை கொண்டாடினார்கள். 1965இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி வெளியிட்ட நூலில்தான் கோயிலில் இருப்பது அசல் இல்லை என்ற செய்தி வெளியே வந்தது. 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அந்த நடராசரை 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குப் போட்டது. பத்தாண்டு அங்கே காட்சிக்கு வைத்துவிட்டுத் திருப்பித் தருவது என்று 1976இல் உடன்பாடு ஏற்பட்டது. 1986இல் நடராசர் நாடு திரும்பினார்.

கடவுள் ஊரில் இல்லை என்பதே ஊருக்குத் தெரியாமல் பதினோரு ஆண்டுகள் போயின. காரணம், அந்தத் திருமேனியில் ‘நான்தான் அது’ என்று சொல்லும் குறி எதுவும் கிடையாது. இருந்த ஒரே குறி அதன் வடிவம். கைதேர்ந்த ஒருவர் வடிவத்தை வார்த்துவிட்டால் அந்தக் குறியும் போயிற்று.

இதுவரை இந்தத் தொடரில் பார்த்தவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறிகள். கோயில் மாட்டுக்குப் போட்ட சூட்டுக்குறி, வண்ணார் துணியில் இட்ட சேராங்கொட்டைப் புள்ளி, நெல் மூட்டையில் அடித்த மை எழுத்து. இந்த இதழில் பார்க்கப் போவது கண்ணால் பார்க்கத் தேவையில்லாத ஒரு குறி. தனக்கென்று மின்கலம் இல்லாமல், எதிரே நிற்கும் கருவி வீசும் ரேடியோ அலையையே உணவாக எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும் சில்லு. ஆர்.எஃப்.ஐ.டி. என்று கடைக்காரர் முதல் கால்நடை மருத்துவர் வரை இன்று எல்லாரும் சொல்கிறார்கள்.

இதன் பிறப்புக் கதை ஓர் உளவுக் கதை. 1945 ஆகஸ்ட் 4 அன்று மாஸ்கோவில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதர் ஆவெரெல் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அமெரிக்க அரசு முத்திரையை மரத்தில் செதுக்கிய பலகை. தூதர் அதைத் தன் இல்லத்தில் மாட்டிவைத்தார். அதற்குள் ஓர் உலோகக் குப்பி, மெல்லிய சவ்வு, ஒரு கம்பி, அவ்வளவுதான் இருந்தன. மின்கலமும் இல்லை, மின்கம்பியும் இல்லை. அதனால் சோதனை போட்டவர்கள் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. வெளியே தெருவில் ஒரு வண்டியிலிருந்து ரேடியோ அலையை அதன்மேல் வீசினால், அறையில் பேசும் குரலுக்கு ஏற்பச் சவ்வு அதிர்ந்து, திரும்பிப் போகும் அலையை மாற்றும். அலை வீசாதபோது அது வெறும் மரப்பலகை. 1952இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். செய்தவர் லெவ் தெர்மின், தொடாமல் வாசிக்கும் இசைக்கருவி ஒன்றை உருவாக்கிப் புகழ்பெற்ற ரஷ்ய விஞ்ஞானி. கைதியாக இருந்தபடி ஆய்வுக்கூடத்தில் வேலை வாங்கப்பட்ட காலத்தில் அவர் செய்தது இது.

அறிவியல் உலகம் வெளிப்படையாக இந்த வழிக்கு வந்தது 1948இல். ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர், தானே அலை வீசாமல், வந்த அலையைத் திருப்பி அனுப்பியே செய்தி சொல்ல முடியும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கொள்கை சரி. அதைச் சிறிய சில்லாகச் செய்ய வேண்டிய டிரான்சிஸ்டரும் ஒருங்கிணைந்த சுற்றும் அப்போது நடைமுறைக்கு வரவில்லை. அதனால் கால் நூற்றாண்டு அந்தக் கட்டுரை காத்துக்கிடந்தது.

இடையில் 1960களில் எளிய தம்பி ஒன்று பிறந்தது. ஜவுளிக்கடையில் பணம் கட்டாமல் துணியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினால் கூவும் வில்லை. அது எண் எதுவும் சொல்லாது. இருக்கிறேன், இல்லை என்ற ஒரே ஒரு செய்திதான் அதற்குத் தெரியும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பெரிய ஜவுளிக்கடைகளில் பில் போடும் இடத்தில் தட்டிக் கழற்றுகிறார்களே, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ் அந்த வம்சம்.

எண் சொல்லும் சில்லுக்கு 1973 ஜனவரியில் அமெரிக்காவில் மாரியோ கார்டுல்லோ காப்புரிமை பெற்றார். சுங்கச் சாவடியில் வண்டியை நிறுத்தாமல் கட்டணம் வாங்கலாம் என்பது அவர் மனத்தில் இருந்த பயன்களில் ஒன்று. சிவபுரம் நடராசர் விலைபோனதும் அதே 1973. 1975இல், அணுகுண்டு செய்த லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃப்ரெட் கோல், ஸ்டீவன் டெப், ராபர்ட் ஃப்ரைமன் மூவரும் திரும்பும் அலையால் அடையாளம் சொல்லும் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய ஆய்வுக்கு உந்துதல் எது தெரியுமா? மாடு. அமெரிக்க வேளாண் துறை, எந்த மாடு எது, அதற்குக் காய்ச்சலா என்று தொலைவிலிருந்து தெரிந்துகொள்ள விரும்பியது. அணுகுண்டுக்கூடத்திலிருந்து மாட்டுக்கொட்டிலுக்கு இறங்கிய இந்தக் கட்டத்தை நான் இந்தச் சில்லின் வரலாற்றில் முதன்மையானதாகக் கருதுகிறேன். உளவுக்குப் பிறந்த ஒரு முறை உழவர் வீட்டுக்குள் வந்தது அங்கேதான்.

இனி, அது எப்படி வேலை செய்கிறது என்று கையில் எடுத்தே பார்க்கலாம். ஆலங்குடி குருபெயர்ச்சிக்கு வலங்கைமான் வழியாக வரும் வெளியூர்க் கார்களின் முன்கண்ணாடியில், நடுவே, சுங்கக் கட்டணத்துக்கான ஃபாஸ்டேக் வில்லை ஒட்டியிருக்கும். காலாவதியான ஒன்றை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் காகிதத்துக்குள் மெல்லிய உலோகக் கோடு வளைந்து வளைந்து இரு பக்கமும் ஓடுவது தெரியும். அது ஆன்டெனா. இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் கடுகில் பாதிகூட இல்லாத கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கும். அதுதான் சில்லு. மற்றதெல்லாம் அந்தப் புள்ளிக்காக அலை பிடிக்கும் ஏற்பாடு. இந்தியாவில் இதற்கு ஒதுக்கியிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். நல்ல ஆன்டெனா அதில் பாதி நீளம் இருக்க வேண்டும். அந்த நீளத்தைக் கண்ணாடியில் ஒட்டும் சிறு காகிதத்துக்குள் அடக்கத்தான் அத்தனை வளைவு. ஒட்டிய வில்லையை உரித்து வேறு வண்டியில் ஒட்ட முயன்றால் கோடு கிழிந்து வில்லை செத்துப்போகும்படி செய்திருக்கிறார்கள்.

சுங்கச் சாவடியின் கூரையிலிருந்து, ரீடர் எனப்படும் படிக்கும் கருவி அலையை வீசுகிறது. ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு மின்சாரம் கிடைத்தாலே அந்தப் புள்ளி விழித்துக்கொள்ளும். விழித்ததும் அது புதிதாக அலை எதையும் அனுப்புவதில்லை. தன் ஆன்டெனாவை மாற்றி மாற்றித் திறந்து மூடி, திரும்பிப் போகும் அலையைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. அந்த ஏற்ற இறக்கமே எண். வழக்கமாக 96 இலக்க இரும எண். வண்டியின் சொந்தக்காரர், கணக்கில் எவ்வளவு பணம் என்பதெல்லாம் கண்ணாடியில் இல்லை. அவை எங்கோ ஒரு கணினியில் இருக்கின்றன. வில்லை சொல்வது எண் மட்டும். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரப்போகிறது.

மின்கலம் இல்லாத சில்லுகளில் மூன்று குடும்பங்கள் உண்டு. குடும்பத்தைப் பிரிப்பது அலை அதிரும் வேகம். 125 முதல் 134.2 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ளது மெதுவான குடும்பம். சில சென்டிமீட்டரில் பேசும், மிஞ்சிப்போனால் கையெட்டும் தூரம். ஆனால் தண்ணீரையும் சதையையும் ஊடுருவிச் செல்லும். 13.56 மெகாஹெர்ட்ஸ் நடுக்குடும்பம். மெட்ரோ ரயில் பயண அட்டை, தட்டினால் பணம் போகும் வங்கி அட்டை, இப்போது தரப்படும் இ-பாஸ்போர்ட் எல்லாம் இதில் அடக்கம். சில விரற்கடை தூரம்தான். இந்த இரண்டு குடும்பமும் அலையைத் திருப்புவதில்லை. 1831இல் ஃபாரடே கண்ட மின்தூண்டலில் ஓடுகின்றன. ரீடரில் ஒரு சுருள், அட்டையில் ஒரு சுருள், நடுவில் காந்தப்புலம். மூன்றாவது குடும்பம் ஃபாஸ்டேக் இருக்கும் வேகமான குடும்பம். பல மீட்டர் தூரம் பேசும், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வில்லைகளைப் படித்துவிடலாம். ஆனால் அதற்கு இரண்டு பகை: தண்ணீரும் உலோகமும். ஈரம் அலையைக் குடித்துவிடும். உலோகம் அலையைத் தடுத்து ஆன்டெனாவின் சுருதியையே கெடுத்துவிடும்.

ஈரமும் உலோகமும் காவிரிப் படுகையில் எங்கே இல்லை? எனவே இந்தப் பக்கத்தில் எதற்கு எந்தச் சில்லு என்பது ஆழமாக யோசிக்க வேண்டிய கேள்வி.

முதலில் கால்நடை. அறுவடை முடிந்து தரிசு கிடக்கும் மாதங்களில் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக் கிடையோடு இங்கே வருவது தலைமுறை வழக்கம். ஒரு கிடையில் பல வீட்டு ஆடுகள் கலந்து நிற்கும். காதில் வெட்டிய வடிவம், முதுகில் தடவிய சாயம், இவற்றை வைத்து எந்த ஆடு எவருடையது என்று இருட்டிலும் சொல்வார்கள். கிடைக்குள் அந்தக் குறி போதும், ஏனென்றால் குறியைப் படிக்கத் தெரிந்தவர் கூடவே இருக்கிறார். ஆடு சந்தைக்குப் போய் நான்கு கை மாறிவிட்டால் அந்தக் குறியைப் படிக்க ஆள் இல்லை.

மாட்டுக்கு அரசு வேறு வழி எடுத்தது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி போடும் மாடுகளுக்கெல்லாம் மஞ்சள் நிறக் காதுவில்லை மாட்டினார்கள். வலங்கைமான் வட்டாரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் அதைப் பார்க்கலாம். அதில் 12 இலக்க எண்ணும் பட்டைக்கோடும் அச்சிட்டிருக்கும். அது சில்லு இல்லை, வெறும் பிளாஸ்டிக். ஊசி போடும் முகாமில் கவனித்திருப்பீர்கள். ஒருவர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் வில்லையில் ஒட்டிய சாணத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு எண்ணை உரக்கப் படிப்பார், மூன்றாமவர் அதைக் கைபேசியில் ஏற்றுவார். மாடு தலையை உதறினால் மறுபடி முதலிலிருந்து. ஆஸ்திரேலியாவில் 2005 முதல் நாடு முழுவதும் மாடுகளுக்குச் சில்லு வைத்த வில்லை கட்டாயம். அங்கே மந்தை ஒடுக்கப்பாதையில் நடந்துபோகும்போதே எண் பதிவாகிவிடும். நம் நாட்டில் வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று கோடிக்கணக்கான வீடுகளில் மாடு நிற்கிறது. ஒடுக்கப்பாதையும் இல்லை, அத்தனை ரீடரும் இல்லை. கைபேசி மட்டும் எல்லார் கையிலும் உண்டு. பிளாஸ்டிக் வில்லையைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்பதே என் கருத்து.

ஆனால் பிளாஸ்டிக் வில்லை சிக்கிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு, காப்பீடு. ‘வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை’ என்பது கால்நடைக் காப்பீட்டின் பழைய விதி. மாடு செத்தால் வில்லையோடு காதையும் காட்ட வேண்டும். வேலியில் மாட்டி வில்லை அறுந்துபோனால் நேர்மையான உழவர் பணத்தை இழப்பார். மறுபக்கம், ஒரு மாட்டின் வில்லையை வேறு மாட்டின் காதில் காட்டி ஏமாற்றவும் வழி இருந்தது. இதற்காகத்தான் 2000களின் பிற்பகுதியில் இஃப்கோ டோக்கியோ நிறுவனம், மாட்டின் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் சில்லு செலுத்தும் முறையைக் காப்பீட்டில் கொண்டுவந்து சோதித்தது. கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த சில்லு, 12 மில்லிமீட்டர் நீளம், நெல்மணியைவிடச் சற்றுப் பெரியது. ஊசியில் ஏற்றலாம். 134.2 கிலோஹெர்ட்ஸ் அலை சதையைத் தாண்டி அதை எழுப்பிவிடும். வேலியில் அறுந்து விழாது, மாற்றி மாட்டவும் முடியாது. 1996இல் வகுத்த உலகத் தர விதிப்படி 15 இலக்க எண், அதில் முதல் மூன்று இலக்கம் நாட்டின் குறி. இந்தியாவுக்கு 356. வளர்ப்பு யானைகளுக்குப் போடுவதும் இந்தச் சில்லுதான். 2025இல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்குக் கட்டாயமாக்கியதும் இதுதான்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். சில்லு போட்டுவிட்டால் மாடு எங்கே போனாலும் கைபேசியில் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். தெரியாது. ஜி.பி.எஸ். வேறு, இது வேறு. ஜி.பி.எஸ். கருவிக்கு மின்கலம் வேண்டும், செய்தி அனுப்ப அலைபேசிக் கோபுரமோ செயற்கைக்கோளோ வேண்டும். மின்கலம் இல்லாத சில்லு யாராவது அருகே வந்து கேட்டால் பேர் சொல்லும். கேட்காவிட்டால் ஆயுள் முழுவதும் மௌனமாகக் கிடக்கும். களவுபோன மாடு அடுத்த மாவட்டச் சந்தையில் நின்றால், அந்தச் சந்தை வாசலில் ரீடர் இருந்து, ரீடர் கேட்ட எண் களவுப் பட்டியலில் இருந்தால் மட்டுமே மாடு திரும்பும். வாசலும் பதிவேடும் இல்லாத இடத்தில் இந்தச் சில்லால் எதையும் தேட முடியாது.

வாசலும் பதிவேடும் ஒருங்கே அமைந்த இடம் நூலகம். அதனால்தான் அங்கே இது வெகு சீக்கிரம் வேரூன்றியது. 1998இல் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் புத்தகங்களுக்குச் சில்லு ஒட்டியது. உலகில் இதை முதலில் செய்த நூலக அமைப்பு என்ற பெயர் அதற்கு உண்டு. தமிழ் நூல்களும் அந்த வாரியத்தின் அலமாரிகளில் இருக்கின்றன. நம் ஊரில் 2010 செப்டம்பரில் திறந்த சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் இந்த முறையைக் கைக்கொண்டது. நூலகத்தில் பெரிய தொல்லை திருட்டைவிட இடம் மாறி வைத்த புத்தகம்தான். கையடக்க ரீடரை அடுக்கின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால், இடம் மாறி நிற்கும் புத்தகம் தானே எண்ணைச் சொல்லிவிடும். புத்தகத்தை வெளியே எடுக்கவே வேண்டாம்.

நெடுஞ்சாலையிலும் அதே கதைதான். வாசல் சாவடி, பதிவேடு வங்கி. எந்த வகைச் சில்லு என்று முடிவு செய்ய 2010இல் மத்திய அரசு நந்தன் நிலேகணி தலைமையில் குழு அமைத்தது. மின்கலம் இல்லாத வேகக் குடும்ப வில்லையே போதும் என்றது குழு. மலிவு, ஆயுள் அதிகம், பல நிறுவனங்கள் செய்கின்றன என்பது காரணம். சிங்கப்பூர் 1998இல் சாலைக் கட்டணத்துக்கு வைத்த கருவி வண்டியின் மின்சாரத்தில் ஓடும் பெட்டி. இந்தியா காகிதத் துண்டைத் தேர்ந்தெடுத்தது. 2014இல் ஃபாஸ்டேக் அறிமுகமாகி, 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் கட்டாயமானது. இன்று நாட்டில் மக்கள் மிக அதிகமாகப் புழங்கும் ஆர்.எஃப்.ஐ.டி. வில்லைகளில் இதுவும் ஒன்று. அதை ஒட்டிக்கொண்டு போகிறவர்களில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

சரக்குப் போக்குவரத்தின் வரலாறு தனியாக எழுத வேண்டியது. சுருக்கமாகச் சொன்னால், 1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கெவின் ஆஷ்டன், டேவிட் பிராக், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சஞ்சய் சர்மா ஆகியோர் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். சில்லில் எண் மட்டும் இருக்கட்டும், மற்ற விவரமெல்லாம் வலைப்பின்னலில் இருக்கட்டும், அப்போது சில்லின் விலை சில காசுகளுக்கு இறங்கும் என்பது அவர்கள் வாதம். 2003இல் அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட் தன் முதல் நூறு வழங்குநர்களிடம் 2005 ஜனவரிக்குள் வில்லை ஒட்டச் சொன்னது. 2004 இறுதியில் இரண்டாம் தலைமுறைத் தரம் வந்தது. ஃபாஸ்டேக் பேசும் மொழி அதுவே.

அப்படியானால் நெல் மூட்டைக்கும் ஒட்டலாமே என்று கேட்கத் தோன்றும். குறுவை, சம்பா அறுவடைக் காலத்தில் இந்த வட்டாரத்து நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. கிடங்குக்கும் அரைவை ஆலைக்கும் போகின்றன. நான் இந்த யோசனைக்கு எதிரானவன். முதல் காரணம் ஈரம். 17 சதவீத ஈரப்பதம் வரை நெல் எடுக்கிறார்கள். மழை நாளில் சாக்கும் நனைந்திருக்கும். அடுக்கின் உள்ளே இருக்கும் மூட்டையின் வில்லையை அலை எட்டுவது கடினம். இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. சில்லு அடையாளம் சொல்வது சாக்கை. உள்ளே இருக்கும் நெல்லின் எடையையோ தரத்தையோ அது அறியாது. மூட்டை கொக்கியில் குத்துப்பட்டு வழியெல்லாம் நெல் கொட்டினாலும், எண் மாறாமல் ‘வந்துவிட்டேன்’ என்று வில்லை சொல்லும். உழவருக்கு வேண்டியது சரியான தராசும், அன்றன்றைக்கே நகரும் லாரியும், நனையாத கூரையும். அந்தச் செலவைச் சில்லில் போடக் கூடாது.

இனித் திருமேனிகளிடம் திரும்புவோம். சிவபுரத்தைப் போன்றே நம்மைச் சுற்றி நடந்த இன்னொரு வழக்கு, திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் நடராசர். 1976இல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தவர், கை மாறி லண்டன் போனார். 1982இல் கனடா நாட்டு பம்ப்பர் என்ற நிறுவனம் வாங்கியது. பழுது பார்க்கும் இடத்தில் லண்டன் போலீசார் கைப்பற்றினார்கள். அவர் பத்தூர்க்காரர்தான் என்று எப்படி நிறுவுவது? படமும் இல்லை, பதிவும் இல்லை. பத்தூரில் அகப்பட்ட மற்றத் திருமேனிகளோடு உலோகக் கூறு, வார்ப்பு நடை, ஒட்டிய மண், கறையான் அரித்த தடம் வரை ஒப்பிட்டார்கள். தமிழகத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி லண்டன் போய்ச் சாட்சி சொன்னார். கோயிலே வழக்காடும் உரிமையுள்ளது என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1991இல் நடராசர் வந்து சேர்ந்தார். பதிவேடு இல்லாத ஒரே காரணத்தால், கறையானைச் சாட்சிக்கு அழைக்க வேண்டி வந்தது.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரின் கதை வேறு மாதிரி. களவுபோய், 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனவர். ஆனால் களவுக்கு முன்பே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலுக்குள் வைத்து அவரைப் படமெடுத்திருந்தது. 1950களின் நடுவிலிருந்து தமிழகக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்துவரும் நிறுவனம் அது. அந்தப் படமும் கலைக்கூடத்துப் படமும் ஒன்றுபோலவே இருந்தன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் அவரை இந்தியாவிடம் ஒப்படைத்தார். அவரை விற்ற கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூருக்கு, வேறொரு சிலைக் கடத்தல் வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்தாண்டுச் சிறை விதித்தது.

திருமேனிகளுக்குச் சில்லு வைக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டு வழக்கையும் நான் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். திருமேனி செம்பு. சாதாரண வேக வில்லையை அதன்மேல் ஒட்டினால் பேசாது. உலோகத்துக்கென்றே இடைவெளிப் பட்டை வைத்துச் செய்யும் தடித்த வில்லை வேண்டும். துளை போடுவதை ஆகமமும் ஏற்காது, கலையறிவும் ஏற்காது. பீடத்தின் அடியில் வைத்தால் எண்ணெய்க் காப்பு, பால், தேன், தண்ணீர் எல்லாம் வழிந்து இறங்கும். அதைத் தாங்கினாலும், களவாடுகிறவன் பீடத்தைக் கவிழ்த்துப் பார்த்துப் பிய்த்து எறிவான். சிட்னியிலோ நியூயார்க்கிலோ ஒருவர் ரீடரைக் கொண்டுபோய் நீட்டும்வரை அது வாய் திறக்கப் போவதும் இல்லை. ஆயிரக்கணக்கான திருமேனிகளை ஒரே இடத்தில் வைத்துக் காக்கும் பாதுகாப்பு மையங்களில் நிலைமை வேறு. அங்கே வாசல் ஒன்று, பதிவேடு ஒன்று. திருவிழாவுக்கு எடுத்துப் போனது திரும்பியதா, ஆண்டுக் கணக்கெடுப்பில் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க, திருமேனியோடு கட்டித் தொங்கவிடும் ஒரு வில்லை பெரிய உதவி. அங்கே வைக்க வேண்டும் என்பதே என் வாதம். பூசை நடக்கும் சிற்றூர்க் கோயிலுக்கு முதல் தேவை சில்லு இல்லை, படம்.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டமே பதிவையும் படத்தையும் கேட்கிறது. 1997இல் கலைப்பொருள்களுக்கென வகுத்த உலகப் பதிவு முறை ஒன்று, பொருளின் அளவு, உலோகம், எழுத்து, அதன் தனிப்பட்ட தழும்பு வரை என்னென்ன குறிக்க வேண்டும் என்று சொல்கிறது. ஒரு விரல் உடைந்திருப்பது, பிரபையில் ஒரு சுடர் குறைவது, பீடத்தில் விழுந்த வெட்டு, இவைதான் நகல் செய்கிறவரைக் காட்டிக்கொடுக்கும் குறிகள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சில்லுக்குத் தன்னைக் கேட்பவர் யார் என்று பெரும்பாலும் தெரியாது. கேட்டால் பதில் சொல்லும். அதனால்தான் இ-பாஸ்போர்ட்டில் அட்டையைத் திறந்து அச்சிட்ட வரிகளைப் படித்த பிறகே சில்லு பேசும்படி பூட்டு வைத்திருக்கிறார்கள். கடைச் சரக்கு வில்லைகளில், விற்றதும் நிரந்தரமாக ஊமையாக்கும் கட்டளையைத் தரத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். மனிதர்கள் மேல் இதை மாட்டும் யோசனைகள் வரும்போது, யார் கேட்டால் இது பேசும் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

வலங்கைமான் வட்டார வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் மாட்டின் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டை விற்றாலோ வாங்கினாலோ கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் பதிவில் பெயரை மாற்றுங்கள். அடுத்ததாக, உங்கள் ஊர்க் கோயிலில் உலோகத் திருமேனி இருந்தால், செயல் அலுவலரிடமும் குருக்களிடமும் அனுமதி பெற்று, அலங்காரம் கலைத்திருக்கும் நேரத்தில், முன்புறம், பின்புறம், இரு பக்கம், பீடம் என்று பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். படத்தின் பிரதி கோயிலில் ஒன்று, அறநிலையத் துறை அலுவலகத்தில் ஒன்று, காவல் நிலையத்தில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கட்டும்.

(தொடரும்)